பழைய கச்சேரி, புதுப் பெட்டி: வரலாற்று ஆர்கெஸ்ட்ரா பதிவுகளைத் தேர்ந்து வாங்கவும் கேட்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் அலமாரியில் ஒரே கச்சேரி மூன்று முறை இருக்கிறது. 1951 ஜூலை 29, ஜெர்மனியின் பைராய்த் நகரம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர். போருக்குப் பிறகு பைராய்த் விழா மறுபடி தொடங்கிய நாள் அது. முதல் பெட்டி, இஎம்ஐ நிறுவனம் 1955-இல் எல்பி இசைத்தட்டாகக் கொண்டுவந்ததன் சிடி வடிவம். இரண்டாவது, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து பவேரிய வானொலியின் நாடாவிலிருந்து ஓர்ஃபியோ நிறுவனம் வெளியிட்டது. மூன்றாவது, அன்றைய நிகழ்ச்சியை ஸ்வீடன் வானொலி ஒலிபரப்பியபோது பதிவான நாடா. 2021-இல் பிஸ் நிறுவனம் வெளியிட்டது. "ஒரே கச்சேரிக்கு எதுக்கு மூணு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது.

மாதம் தவறாமல் ஏதாவது ஒரு நிறுவனம் பழைய ஆர்கெஸ்ட்ரா பதிவு ஒன்றை வெளியிடுகிறது. அட்டையில் 'முதன்முறையாக', 'மூல நாடாவிலிருந்து', 'புதுப்பித்த ஒலியில்' என்று ஒரு ஸ்டிக்கர். வாசித்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர்கள் வாசித்தது இனி மாறாது. மாறுவது இரண்டு: எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள், எடுத்தவரின் காது எப்படிப்பட்டது. கர்நாடகக் கச்சேரி நாடாக்களைப் பிரதி எடுத்துக் கைமாற்றிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்காவது பிரதியில் மிருதங்கம் தகர டப்பா ஆகிவிடும். பிரதி எடுத்தவரின் டேப் ரெக்கார்டர் வேகம் தப்பினால் பாடகருக்குச் சுருதி ஏறிவிடும். மேற்கத்திய சங்கீதப் பதிவிலும் கதை இதேதான், பெட்டி மட்டும் பளபளப்பு.

(ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் நின்று கோல் அசைப்பவரைக் கண்டக்டர் என்று எழுதினால் நம் ஊரில் விசிலும் டிக்கெட்டும் ஞாபகம் வரும். 'நடத்துநர்' என்றாலும் அதே பஸ்தான். வேறு வழியில்லை, நடத்துநர் என்றே எழுதுகிறேன்.)

படி 1: எந்த வகையில் 'புதிது'?

பெட்டியைப் பார்த்ததும் முதல் கேள்வி இது. புதிது என்பதில் நான்கு ரகம் உண்டு, நான்கிற்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

இதுவரை வெளிவராத பதிவு முதல் ரகம். பெரும்பாலும் வானொலி நிலையத்தின் கிடங்கிலிருந்து வரும். நடத்துநர் உயிரோடு இருந்தவரை அனுமதிக்காமல், பிறகு குடும்பத்தார் சம்மதித்து வருவதும் உண்டு. செர்ஜியு செலிபிடாக்கே இதற்குப் பெரிய உதாரணம். ஒலிப்பதிவு என்பதே பொய் என்று பல பத்தாண்டுகள் ஸ்டுடியோ பக்கம் போகாதவர். 1996-இல் அவர் இறந்த பிறகுதான் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் நடத்திய கச்சேரிகளை வெளியிடக் குடும்பம் ஒப்புக்கொண்டது. அவருடைய ப்ரூக்னரை இன்று நாம் கேட்பது அவர் விருப்பத்துக்கு மாறாக. எனக்கு அதில் சின்ன உறுத்தல் உண்டு, ஆனாலும் கேட்கிறேன்.

இரண்டாவது ரகம், முன்பே வெளியான கச்சேரிக்கு இப்போது நல்ல மூலம் கிடைத்திருப்பது. பிரதியின் பிரதியாக இருந்த இடத்தில் மூல நாடா வந்திருக்கும். சில சமயம் இது முதல் ரகத்தைவிடவும் மதிப்புள்ளது. மூன்றாவது, அதே நாடாவை மறுபடி கணினியில் ஏற்றிச் செப்பனிட்டது. யார் செய்தார் என்பதைப் பொறுத்துப் பொன்னாகலாம், தகரமாகலாம். நான்காவது, இருபது வருடம் முந்தைய சிடியின் அதே டிஜிட்டல் கோப்பைப் புது அட்டையில் போட்டது. பழைய சிடி கையில் இருந்தால் இதைத் தொட வேண்டாம். இல்லாதவருக்கு மலிவாக ஒரு தொகுப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எந்த ரகம் என்பதைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பழைய நாடாவையோ தட்டையோ டிஜிட்டலுக்கு மாற்றிய ஆண்டு 1990களாக இருந்து, வெளியீட்டு ஆண்டு மட்டும் இந்த வருடமாக இருந்தால் அது நான்காவது ரகம்.

படி 2: பின்பக்கத்தில் தேட வேண்டியவை

தேதி, அரங்கம், மூலம், மாற்றியவர் பெயர். நான்கும் இருந்தால் நம்பலாம். ஒன்று இல்லாவிட்டாலும் யோசிக்க வேண்டும். தேதிக்குப் பதில் 'நாற்பதுகளில்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் பெட்டியை அப்படியே வைத்துவிடுங்கள்.

மாற்றியவரின் பெயரை நான் நடத்துநர் பெயருக்கு அடுத்தபடியாகத் தேடுவேன். 78 சுழல் (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டுகளிலிருந்து மாற்றும் வேலையில் மார்க் ஓபர்ட்-தார்ன், வார்ட் மார்ஸ்டன் இருவரும் நம்பிக்கையான கைகள். நாக்ஸாஸ் நிறுவனத்தின் வரலாற்று வரிசையில் இவர்கள் பெயரைப் பார்க்கலாம். பிரான்ஸிலிருந்து இயங்கும் ப்ரிஸ்டீன் ஆடியோவின் ஆண்ட்ரூ ரோஸ் வேறு வழிக்காரர். ஒலியின் நிறத்தையே திருத்தி, மோனோவுக்கு, அதாவது ஒரே தடத்தில் பதிந்த ஒலிக்கு, அரங்கத்தின் காற்றைக் கொஞ்சம் சேர்ப்பார். சிலருக்கு அது வரம், சிலருக்கு அபசாரம். நான் பதிவுக்குப் பதிவு மனம் மாறுகிறவன்.

'லைவ்' என்ற சொல்லையும் அப்படியே விழுங்க வேண்டாம். இன்றைய நேரடிப் பதிவுகளில் பல, இரண்டு மூன்று இரவுகளின் நல்ல பகுதிகளை ஒட்டியவை. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் சொந்த நிறுவனமான எல்எஸ்ஓ லைவ் பொதுவாக இப்படித்தான் செய்கிறது; தேதிகளையும் ஒளிக்காமல் போடுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் 1982 மே 3-ஆம் தேதி மியூனிக்கில் கார்லோஸ் க்ளைபர் நடத்திய பீத்தோவனின் நான்காவது சிம்பொனியைக் கேட்டுவிட்டு வந்தால் வித்தியாசம் தெரியும். ஒரே இரவு. கடைசிப் பகுதியில் பாஸூன் என்ற குழல் வாத்தியக்காரர் அந்த வேகத்தில் தன் முறை வரும்போது என்ன பாடுபடுகிறார் என்று கேளுங்கள். திரும்ப வாசிக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தவரின் வாசிப்பு அது.

படி 3: வருடத்தை வைத்து மூலத்தைக் கணிப்பது

வருடம் தெரிந்தால் எப்படிப்பட்ட ஒலியை எதிர்பார்க்கலாம் என்பது பாதி தெரிந்துவிடும்.

1925-க்கு முன்னால் ஒலிப்பதிவில் மைக் கிடையாது. பெரிய கொம்பு ஒன்றின் முன்னால் வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து வாசிக்க வேண்டும். ஆர்தர் நிக்கிஷ் 1913-இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிவுசெய்த பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி அப்படி வந்ததுதான். ஆவணமாகக் கேளுங்கள், இன்பத்துக்கு வேறு பார்க்கலாம்.

1925-இல் மின் ஒலிப்பதிவு வந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடம்தான். ஒரு சிம்பொனி என்றால் பத்துப் பன்னிரண்டு பக்கம். அமெரிக்க வானொலிகளோ ஒலிபரப்புகளைப் பதினாறு அங்குல அரக்குத் தட்டுகளில் வெட்டிவைத்தன. பக்கத்துக்குச் சுமார் கால் மணி நேரம். இவை ஒருமுறை ஓட்டினாலே தேயும். பல தட்டுகளின் பூச்சு உரிந்தே போயிற்று.

பிறகு காந்த நாடா. இந்தக் கதையின் நாயகன் இதுதான். ஏஇஜி நிறுவனம் 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னடோஃபோன் கருவியைக் காட்டியது. அடுத்த ஆண்டு நவம்பர் 19-இல், லுட்விக்ஷாஃபெனில் இருந்த பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் அரங்கில் தாமஸ் பீச்சமும் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கும் கொடுத்த கச்சேரியை நாடாவில் பிடித்தார்கள். ஒலி இன்னும் சுமார்தான். 1940-ஐ ஒட்டி ஜெர்மன் வானொலிப் பொறியாளர்கள் நாடாவோடு உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைச் சேர்த்துப் பதியும் உத்தியைக் கண்டுபிடித்ததும் இரைச்சல் படுத்துவிட்டது. நொடிக்கு 77 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிய அந்த நாடாக்களில், உலகத்தில் வேறெங்கும் இல்லாத தரத்தில், தட்டு மாற்றும் இடைவெளியே இல்லாமல் முழுக் கச்சேரிகள் பதிவாயின. ஸ்டீரியோ சோதனைகளும் நடந்தன. ஹெர்பெர்ட் ஃபான் கராயன் 1944-இல் பெர்லினில் நடத்திய ப்ரூக்னரின் எட்டாவது சிம்பொனியில் கடைசிப் பகுதி ஸ்டீரியோவில் இருக்கிறது. வால்ட்டர் கீஸெகிங் போரின் கடைசி மாதங்களில் வாசித்த பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கன்சர்ட்டோவில், முதல் பகுதியின் மெல்லிய இடங்களில் தூரத்து விமான எதிர்ப்பு பீரங்கி கேட்கிறது. ஹெட்ஃபோனில் முதன்முறை கேட்டபோது வாசலில் யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து எழுந்து போனேன்.

ஆகவே 1942 பெர்லின் பதிவு 1948 நியூயார்க் பதிவைவிடத் தெளிவாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்தப் போர்க்கால நாடாக்களின் பயணம் தனிக் கதை. 1945-இல் பெர்லின் வீழ்ந்தபோது வானொலி நிலையத்திலிருந்து கட்டுக்கட்டாக மாஸ்கோவுக்குப் போயின. அங்கே மெலோடியா நிறுவனம் அவற்றை எல்பிகளாக அழுத்தியது. அந்தத் தட்டுகளிலிருந்துதான் மேற்கு நாடுகளில் பல வருடம் ஆளாளுக்குப் பிரதி எடுத்து விற்றார்கள். 1987-இல் சோவியத் வானொலி சில நாடாக்களின் பிரதியைப் பெர்லினுக்குக் கொடுத்தது. 1991-ஐ ஒட்டி மேலும் நிறைய நாடாக்கள் திரும்பின. கடைசியில் 2018-இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் தன் சொந்த நிறுவனத்தின் பெயரில், 1939 முதல் 1945 வரையிலான ஃபுர்ட்வாங்லரின் வானொலிப் பதிவுகளை 22 தட்டுகளாக வெளியிட்டது. இது நான் சொன்ன இரண்டாவது ரகம். முன்பு வைத்திருந்ததை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

இந்தத் தொகுப்பில் தேதியைக் கவனித்துக் கேளுங்கள். 1944 ஜனவரி 30-இல் குண்டுவீச்சில் பழைய ஃபில்ஹார்மோனி அரங்கம் அழிந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் இசையோடு சேர்ந்து கேட்கிற அந்த முழக்கம், இன்று இல்லாத ஒரு கட்டடத்தின் முழக்கம். அதன் மேல் செயற்கை எதிரொலியைப் பூசுகிறவரை என்ன சொல்வது! 1945 ஜனவரி 23-இல் அட்மிரல்ஸ்பலாஸ்ட் அரங்கில் நடந்த கச்சேரியில் மொஸார்ட் வாசிக்கும்போது மின்சாரம் போயிற்று. பிறகு தொடர்ந்த ப்ராம்ஸின் முதல் சிம்பொனியில் கடைசிப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தக் கச்சேரிகள் நாஜி அரசின் நிழலில் நடந்தவை என்பதையும் மறக்க முடியாது. 1947-இல் விசாரணைக் குழு ஃபுர்ட்வாங்லரை விடுவித்தாலும் அவர் ஏன் நாட்டைவிட்டுப் போகவில்லை என்ற கேள்வி தீரவில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாத நிறுவனத்தின் மற்றத் தகவல்களையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

படி 4: சுருதிப் பெட்டியை எடுங்கள்

நம் ஊர்க் காதுக்கு இந்தப் படி கைவந்த கலை. மேற்கத்தியப் படைப்புக்குச் சுருதி தலைப்பிலேயே இருக்கிறது. பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனி, எரோயிகா, ஈ-ஃப்ளாட் மேஜர். நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. கைபேசியில் தம்புரா செயலி இருக்குமே, அதை இரண்டரையில் வைத்துவிட்டு முதல் இரண்டு அடிகளைக் கேளுங்கள். ஒட்டினால் சரி. மூன்று கட்டைக்கு ஒட்டினால் தட்டு வேகமாக ஓடுகிறது என்று பொருள்.

அரைக் கட்டை ஏறினால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடும். 50 நிமிட வாசிப்பு 47 நிமிடத்தில் முடிந்துவிடும். வயலின் நாதம் மெலிந்து கூர்மையாகும், நடத்துநர் அவசரக்காரராகத் தெரிவார். கேட்பவர் "என்ன வேகம், என்ன உக்கிரம்" என்று மெச்சிக்கொள்வார்.

இது கற்பனை அல்ல. 1944 டிசம்பரில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு ஃபுர்ட்வாங்லர் வாசித்த எரோயிகாவை 1953-இல் அமெரிக்காவின் யுரேனியா நிறுவனம் அவரைக் கேட்காமலே எல்பியாக வெளியிட்டது. சுருதி தூக்கலாக இருந்தது. அவர் வழக்கே போட்டார். இன்றும் சேகரிப்பாளர்கள் அதை 'யுரேனியா எரோயிகா' என்றுதான் அழைக்கிறார்கள். நான் முதலில் வாங்கியது பெயர் சொல்ல விரும்பாத ஒரு மலிவு நிறுவனத்தின் பெட்டி. மூல நாடா என்று போட்டிருந்தது. இரண்டு வருடம் அதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடினேன். ஒருநாள் பக்கத்து அறையில் தம்புரா ஓடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகப் போட்டேன், மூன்று கட்டைக்குப் பக்கத்தில் நின்றது. அந்த எல்பியிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். சரியான சுருதியில் வந்த பதிவைப் பிறகு கேட்டபோது இரண்டாம் பகுதியின் சாவு ஊர்வலம் கனத்தோடு நடந்தது.

ஒரு எச்சரிக்கை. வியன்னாக்காரர்கள் வழக்கமாகவே கொஞ்சம் தூக்கிச் சுருதி சேர்ப்பவர்கள். மயிரிழை ஏற்றத்துக்கு எல்லாம் பொறியாளரைத் திட்ட வேண்டாம். நல்ல பொறியாளர்கள் பழைய நாடாவின் அடியில் புதைந்திருக்கும் மின்சார ரீங்காரத்தை வைத்து வேகத்தைச் சரிபார்ப்பார்கள். ஐரோப்பாவில் நம் வீட்டு மின்சாரம் போலவே 50 சுழற்சி, அமெரிக்காவில் 60. இவர்களுக்குத் தொல்லையே துப்பாகிறது.

படி 5: இரைச்சலை விட்டுவிட்டார்களா, வழித்து எடுத்தார்களா?

'இரைச்சலே இல்லை' என்று விளம்பரம் செய்தால் நான் பயப்படுவேன். பழைய பதிவில் இரைச்சலும் இசையும் ஒன்றோடு ஒன்று கலந்தே கிடக்கின்றன. மேல் ஸ்தாயி வயலின், சிம்பலின் ஒலி, வில் கம்பியைத் தொடும் உரசல் எல்லாம் இரைச்சல் இருக்கும் அதே பகுதியில்தான். கல்லோடு அரிசியையும் சேர்த்து வெளியே கொட்டினால் உலையில் ஒன்றும் இருக்காது.

சோதிக்க மூன்று இடம் போதும். ஒரு பகுதி முடிந்து ஒலி அடங்கும் இடத்தில் அந்தக் கார்வை தானாகத் தேய்ந்து மறைய வேண்டும். கத்தியால் அறுத்தது போல நின்றால் இரைச்சல் நீக்கும் கருவியை அதிகம் போட்டிருக்கிறார்கள். மெல்லிய வயலின் கூட்டத்தைக் கேளுங்கள். தண்ணீருக்கடியில் இருந்து வருவது போலக் குளுகுளுவென்றால் அதே நோய். கடைசியாக, சத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் இடையே இரைச்சல் ஏறி இறங்கி மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். ஒரே சீராக இருக்கும் இரைச்சலை ஐந்து நிமிடத்தில் காது மறந்துவிடும். மூச்சுவிடும் இரைச்சலை மறக்கவே முடியாது.

மோனோ பதிவை ஹெட்ஃபோனில் கேட்டால் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் மண்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சோதிக்க ஹெட்ஃபோன், ரசிக்க ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கருவி வேண்டாம். மோனோவுக்கு ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் இருந்தால் போதும்.

படி 6: இருமலோடு வாழப் பழகுங்கள்

1938 ஜனவரி 16, வியன்னாவின் முஸிக்ஃபெரைன் அரங்கம். ப்ரூனோ வால்ட்டர் மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்துகிறார். மாலர் இறந்த பிறகு 1912-இல் இதே படைப்பை முதன்முதலில் அரங்கேற்றியவரும் அவரே. முதல் வயலின் வரிசையின் தலைமையில் ஆர்னால்ட் ரோஸே, மாலரின் தங்கை கணவர். மார்ச் 12-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்களான வால்ட்டரும் ரோஸேயும் அந்த மேடைக்கு அதன்பின் உரியவர்கள் இல்லை. ரோஸேயின் மகள் ஆல்மா 1944-இல் ஆஷ்விட்ஸில் இறந்தார்.

அந்தக் கச்சேரியை எச்எம்வி நிறுவனத்தின் ஃப்ரெட் கைஸ்பெர்க் நேரடியாக 78 சுழல் தட்டுகளில் பதிவுசெய்தார். பத்துத் தட்டு, இருபது பக்கம். நான்கு பகுதிகளைக் கொண்ட படைப்பில் இருபது பக்கம் என்றால் பதினாறு இடங்களில் இசையின் நடுவே ஒட்டுப்போட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் முடியும் தறுவாயில் ஊசி ஓடும் வட்டம் சுருங்கி ஒலி மங்கும்; அடுத்த பக்கம் பளிச்சென்று தொடங்கும். நல்ல மாற்றத்தில் அந்த மடிப்பு தெரியாது. கெட்ட மாற்றத்தில் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஜன்னலைத் திறந்து மூடுவது போல இருக்கும். ஓபர்ட்-தார்ன் நாக்ஸாஸுக்குச் செய்ததில் நான் மடிப்புகளைத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

அரங்கத்தில் இருமுகிறார்கள். ஜனவரி மாத வியன்னா, இருமத்தான் செய்வார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். நாலாம் முறை கேட்கும்போது, கடைசிப் பகுதியில் யார் எப்போது இருமுவார்கள் என்பதே மனப்பாடம் ஆகிவிடும். அந்த ஆட்களில் எத்தனை பேர் அடுத்த குளிர்காலத்தில் அந்த ஊரில் இருந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். இருமலைக் கணினியால் துடைத்த வெளியீடு வந்தால் நான் வாங்கமாட்டேன்.

தவறுகளும் அப்படியே. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1979 அக்டோபரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்த இதே மாலர் ஒன்பதாவது, அவர் இறந்த பிறகு 1992-இல் வெளியானது. கடைசிப் பகுதியின் உச்சத்தில் டிராம்போன்கள் உள்ளே வரவே இல்லை. பெரிய ஓட்டை. ஆனாலும் அந்தப் பதிவின் பக்கத்தில் பிழையில்லாத பல பதிவுகள் வெளிறிப்போகின்றன.

படி 7: வாசிப்பவர் இவர்தானா?

ஆள் மாறாட்டமும் நடக்கும். ஃபுர்ட்வாங்லரின் பெயரில் சுற்றிய த்வோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி உண்மையில் ஆஸ்வால்ட் கபாஸ்டாவும் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கும் வாசித்தது. டினு லிபாட்டி வாசித்ததாக இஎம்ஐ வெளியிட்ட ஷோபானின் முதல் பியானோ கன்சர்ட்டோவைப் பல வருடம் விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். 1981-இல் அது ஹலினா ஷெர்னி-ஸ்டெஃபான்ஸ்கா என்ற போலந்துப் பியானோ கலைஞரின் பதிவு என்று தெரிந்தது. இவை தெரியாமல் நடந்த பிழைகள். 2007-இல் வெளிச்சத்துக்கு வந்த ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம் திருட்டு: பிறருடைய பதிவுகளை எடுத்து அவருடைய கணவர் மனைவி பெயரில் வெளியிட்டிருந்தார். ஒரு ரசிகர் தட்டைக் கணினியில் போட்டதும் ஐடியூன்ஸ் வேறொரு கலைஞர் பெயரைக் காட்டியதில் குட்டு உடைந்தது.

யாருக்கும் தெரியாத நாடா திடீரென்று ஒரு பெரிய பெயரோடு வந்தால், வானொலி நிலையத்தின் ஆவண விவரம் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பகுதிகளின் நேர அளவை அதே படைப்பின் மற்றப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். நொடிக்கு நொடி ஒத்துப்போனால் அது வேறொன்றின் பிரதி.

படி 8: எங்கே கேட்பது

ஸ்ட்ரீமிங் செயலிகளில் இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன, ஆனால் விவரங்கள் குழம்பிக் கிடக்கும். படைப்பின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. நடத்துநர், ஊர், ஆண்டு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். 2023-இல் வந்த ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் இந்தத் தேடலைக் கொஞ்சம் சுலபமாக்கியது. கேட்கும் முன் இரண்டு அமைப்பை மாற்றுங்கள்: ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், பாடல்களுக்கு இடையே இடைவெளி இல்லாமல் ஓடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்குள் பாயும் அந்த இடத்தில் ஒரு விக்கல் விழும்.

கையேடு வேண்டுமென்றால் தட்டு வாங்க வேண்டும், அல்லது நிறுவனத்தின் தளத்தில் ஃப்ளாக் (தரம் குறையாத ஒலி) கோப்பாக இறக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒற்றைத் தட்டாக வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையை எட்டிவிடும். ஐந்தாறு சேர்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 'வெளியான' என்பதைக் கவனிக்கவும். 1950-இல் பதிவாகி இன்றுதான் முதன்முறை வெளிவரும் வானொலி நாடாவுக்குக் கணக்கு வரும் ஆண்டிலிருந்து. அமெரிக்க, ஐரோப்பியச் சட்டங்கள் வேறு. அங்கே இலவசமாகக் கிடைக்காதது இங்கே கிடைக்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம்.

படி 9: மூன்று பெட்டியும் ஒரு மாலையும்

இனி என் அலமாரிக்கு வருவோம். ஒரே கச்சேரியின் பல வெளியீடுகளை ஒப்பிட முழுப் படைப்பையும் மூன்று முறை கேட்கக் கூடாது, காது களைத்துவிடும். ஒரு நிமிடப் பகுதியைத் தேர்ந்துகொண்டு, ஒலி அளவைச் சமமாக வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும். சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும், ஆகவே அளவு முக்கியம்.

நான் எடுத்துக்கொள்வது ஒன்பதாவது சிம்பொனியின் முதல் நிமிடம். அது நமக்கு விசேஷமாகப் புரியும். வயலின்களும் ஹார்ன் என்ற ஊதுவாத்தியங்களும் ஏ, ஈ என்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் பிடிக்கின்றன. நம் கணக்கில் ஆறு கட்டையில் ஷட்ஜமும் பஞ்சமமும். காந்தாரம் இல்லை, அதனால் மேஜரா மைனரா என்று தெரியாது. தம்புரா மீட்டி யாரோ பாடத் தொடங்கப்போவது போல ஒரு காத்திருப்பு. அந்த மெல்லிய நடுக்கம் இரைச்சலின் விளிம்பிலேயே நடக்கிறது. பொறியாளர் என்ன செய்தார் என்பது இங்கே மறையாது.

இஎம்ஐ பதிவில் நடுக்கம் தெளிவாக, கிட்டத்தில் இருக்கிறது. ஒலி முழுமையாகவும் சீராகவும் இருக்கிறது, பல பத்தாண்டுகள் உலகம் கொண்டாடியதும் இதைத்தான். ஆனால் இதில் ஒத்திகையின் பகுதிகளும் ஒட்டப்பட்டிருப்பதாக ஒப்பிட்டவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஓர்ஃபியோவில் அரங்கம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. வாசிப்பு சில இடங்களில் வேறு. ஒட்டுப்போடாத ஒரே ஓட்டம் தெரிகிறது. மூன்றாவது பெட்டியில் முதல் நிமிடத்தில் இசையே இல்லை. அறிவிப்பாளர் நான்கு மொழிகளில் பேசுகிறார். பிஸ் நிறுவனம் நாடாவில் எதையும் வெட்டவில்லை, துடைக்கவில்லை. பகுதிகளுக்கு நடுவில் இருந்த அமைதியையும் அப்படியே விட்டிருக்கிறது. வாசிப்பு ஓர்ஃபியோவோடு ஒத்துப்போகிறது. அந்த இரவு நடந்தது எது என்ற பழைய வழக்கில் ஓர்ஃபியோ பக்கம் இன்னொரு சாட்சி சேர்ந்தது இப்படித்தான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஓர்ஃபியோ. நல்ல ஒலியில் முதல் அறிமுகம் வேண்டும் என்பவருக்கு இஎம்ஐ. பிஸ் பெட்டி கடைசியாக வாங்க வேண்டியது, ஆனால் நான் அடிக்கடி எடுப்பது அதைத்தான். கடைசியில் எல்லாரும் வெறிபிடித்தது போல ஓடி முடிக்கிறார்கள், பிறகு இரண்டரை நிமிடத்துக்கும் மேல் கைதட்டல். போன வாரம் அது ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது: "பாட்டு முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"